எதால கழுவுறீங்க?

முதல் எரிச்சல் ஒரு ஜனாஸா (இறந்தவரின் உடல்) வீட்டில் வந்தது. மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் மௌத்தாகியிருந்தார். குளிப்பாட்ட என்னை அழைத்திருந்தார்கள். இறந்த பெண்களைக் குளிப்பாட்டி, கபன் (அடக்கத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி) இடும் வேலையை இருபது வருடமாகச் செய்கிறேன். அன்று வேலை முடிவதற்குள் மூன்று தடவை கழிவறைக்கு ஓடினேன். போனால் நாலு சொட்டு. கொச்சிக்காய்த் தூளைக் கரைத்து ஊற்றியதுபோல அந்த நாலு சொட்டும் எரிந்தன.

"டீச்சர், காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கூட நின்ற பெண் கேட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வயிற்றைப் பற்றி என்றால் யாரிடமும் சொல்லலாம். அதற்குக் கீழே இருப்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அப்படித்தான் வளர்ந்தோம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்காகவும் நிற்கப்போகிற பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு வந்த வருத்தத்தைச் சொல்வது மட்டும் நோக்கம் என்றால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவரிடம் நேரத்தோடு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் என் ரஹ்மா தாத்தா. எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்போம்.

எனக்கு ஐம்பத்தோராவது வயதில் மாதவிடாய் நின்றது. அழவில்லை, வருந்தவில்லை, உண்மையில் சந்தோஷப்பட்டேன். அந்த நாட்களில் எங்களுக்குத் தொழுகை கிடையாது. ரமழானில் விட்டுப்போகும் நோன்புகளை வருடத்துக்குள் தனியாக நோற்றுத் தீர்க்க வேண்டும். வீடே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் நோன்போடு சமைத்த நாட்கள் கொஞ்சமல்ல. பல்லேபொலையில் இருந்து தாத்தா போன் எடுத்தார். "இனிப் பயமில்ல புள்ள. முப்பதையும் ஒரேயடியாப் புடிச்சி முடிக்கலாம்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

நின்றது மாதவிடாய் மட்டும்தான் என்று நினைத்தேன். அதோடு இன்னும் என்னென்ன நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. நான் முப்பது வருடம் இஸ்லாம் படிப்பித்த ஆசிரியை. சுத்தம் பற்றிய பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன். என் சொந்த உடம்பைப் பற்றிய பாடம் ஒரு வரிகூடத் தெரியாது.

ஒரு வருடத்துக்குள் கீழே வறண்டுபோனது. நடந்தால் உராய்ந்தது. இருமினால், தும்மினால், சுஜூதில் (தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் நிலை) குனிந்தால் ஒரு சொட்டுச் சலம் (சிறுநீர்) கசிந்ததுபோல இருக்கும். கசிந்ததா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாது. கசிந்திருந்தால் வுழூ (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) முறிந்துவிடும், தொழுகை கூடாது. முப்பது நாளும் தொழலாம் என்று சந்தோஷப்பட்டவளுக்கு ஒரு தொழுகைகூட நிச்சயமில்லாமல் போனது. அந்தக் கவலை என்னைத் தின்றது என்றால் மிகையில்லை.

அதனால் கழுவத் தொடங்கினேன். முதலில் தண்ணீரால். பிறகு சவர்க்காரத்தால். பிறகு எங்கள் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பின் செய்வதுபோல, சீனாக்காரம் (படிகாரம்) கரைத்த சுடுதண்ணீரால். எரிச்சல் வந்த பிறகு, ஏதோ கிருமிதான் என்று முடிவுகட்டி, ஜனாஸாப் பையில் இருந்த போத்தலை எடுத்தேன். குளிப்பாட்டி முடித்த பின் பலகையைத் துடைக்க நாங்கள் வைத்திருக்கும் கிருமிநாசினி அது. அரை வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. நாளைக்கு ஐந்து வேளை. சந்தேகம் கூடிய நாட்களில் ஒரு வேளைக்கு இரண்டு தடவை.

கழுவியதும் கொஞ்ச நேரம் இறுகிச் சுத்தமாகிவிட்டதுபோல இருக்கும். அந்த இறுக்கத்தை நான் சுத்தம் என்று நம்பினேன். இது போதாதென்று, தாத்தாவும் தனக்கு அப்படித்தான் கசிகிறது என்று சொன்னபோது, அவருக்கும் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தேன். மூடியில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அளந்தும் காட்டினேன். தாத்தா என்னைவிட பத்து வயது மூத்தவர், சீனி வருத்தக்காரர் (நீரிழிவு நோயாளி). ஆனாலும் மார்க்க விஷயம் என்றால் நான் சொன்னால் சரி அவருக்கு.

மருத்துவரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். பதினான்கு மாதத்தில் ஏழு தடவை. நகரத்தில் ஒரு டிஸ்பென்சரி. என் கணவர் கூட வருவார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார்: "சலக்கடுப்பு டொக்டர், வழமையான அதே." வழமையான அதே மருந்தை டொக்டரும் எழுதுவார். சலம் சோதித்துப் பார்க்கச் சொன்னதில்லை. எப்போது மாதவிடாய் நின்றது என்று கேட்டதில்லை. "தண்ணி நல்லாக் குடிங்க" என்பார். ஏழு தடவையும் அந்த மூன்று சொல்தான். அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்ததாகக்கூட ஞாபகமில்லை.

அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்ப முடியாது. அவர் கேட்டிருந்தாலும் அந்த ஆணிடம், கணவர் பக்கத்தில் இருக்க, நான் என்ன சொல்லியிருப்பேன்? வயிறு சரியில்லை என்றுதான்.

மருந்து குடித்தால் ஐந்து நாள் நன்றாக இருக்கும். பிறகு வயிற்றோட்டம், வாய்ப்புண், அடுத்த மாதம் மறுபடியும் எரிச்சல். படுக்கையில் கணவரைத் தள்ளி வைத்தேன், வலி தாங்க முடியாமல். "வயசு போனா பொம்பளைங்க அப்படித்தான்" என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். அவருக்கு அது வசதியாக இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அடுத்த வேளைக்குக் கழுவப் போனேன்.

எட்டாவது தடவை டிஸ்பென்சரிக்குப் போக முடியவில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் வலப்பக்கம் இடித்ததுபோல வலி. அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டில் போட்டார்கள். கிருமி சலப்பையிலிருந்து மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்றார்கள். சலத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, நான் இதுவரை குடித்த மருந்துகளில் ஒன்றுக்கும் அது அசையவில்லை. நரம்பு வழியாக வேறு மருந்து ஏற்றினார்கள். அதுவும் பிடிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. தாதி மருந்துப் போத்தலை மாட்டும்போதெல்லாம் கலிமா (இறைநம்பிக்கை உறுதிமொழி) சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் டொக்டர் வந்தார். சிங்களப் பிள்ளை, என் மாணவிகளின் வயது. திரையை இழுத்துவிட்டு, கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, கீழே எதால கழுவுறீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சவர்க்காரம், சீனாக்காரம், போத்தல் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். பெண்ணின் பிறப்பு வழியில் நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. லாக்டோபாசிலஸ் (பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவு) என்று பெயர். ஈஸ்ட்ரஜன் (சூலகத்தில் சுரக்கும் பெண்மை ஹோர்மோன்) இருக்கும்வரை அந்த வழியின் சுவர் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். சுவரில் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்திருக்கும். நல்ல நுண்ணுயிர்கள் அதைத் தின்று புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தங்க முடியாது. மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரஜன் குறைகிறது, சுவர் மெலிகிறது, சர்க்கரை குறைகிறது. நல்ல நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்து அழிகின்றன. குடலில் இருக்க வேண்டிய கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உள்ள சலவழிக்குள் ஏறுகின்றன.

"மிச்சம் கொஞ்சம் இருந்திருக்கும் அம்மா. அதையும் நீங்க கழுவிட்டீங்க" என்றார். "தயிர்ச் சட்டியில தினமும் சவர்க்காரம் போட்டா தயிர் உறையுமா?"

குடலுக்குள்ளும் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறதாம். ஈஸ்ட்ரஜனை உடம்புக்குள் திரும்ப எடுக்க அதில் சில உதவுகின்றன, எலும்புக்கும் உடல் நிறைக்கும்கூடத் தொடர்பு இருக்கலாம், ஆராய்ச்சிகள் இன்னும் முடியவில்லை என்றார். ஏழு தடவை குடித்த மருந்து அந்தக் கூட்டத்தையும் கலைத்திருக்கும். வயிற்றோட்டம் வந்தது அதனால்தான்.

சிகிச்சை இவ்வளவுதான். உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் களிம்பு. இரண்டு கிழமை (வாரம்) தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு தடவை. வெளியே கழுவ வெறும் தண்ணீர். உள்ளே கழுவவே கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாமல் இரத்தம் படுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் களிம்பைத் தொடக் கூடாது. நோன்புக் காலத்தில் பகலில் பூசாமல் படுக்கப்போகும் முன் பூசுகிறேன்.

கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சலம் அடக்க முடியாதவர் துணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்த பின் ஒரு தடவை வுழூ செய்து தொழலாம். நடுவில் கசிந்தாலும் தொழுகை கூடும். இது மார்க்கம் தந்த சலுகை. இதை நான் எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நோயாளிகளுக்கான சட்டம் என்று தலைப்பிட்டிருந்ததால் அது எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் என்ற திமிர் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நாலாம் நாள் தாத்தா பார்க்க வந்தார், ஒரு பாத்திரத்தில் கஞ்சியோடு. பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தடவிவிட்டார். பிறகு குனிந்து காதில் சொன்னார்:

"எனக்கும் கொஞ்ச நாளா எரியுது புள்ள. நீ தந்த போத்தல்ல இப்ப ரெண்டு மூடி ஊத்துறேன். பரவால்ல தானே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஊற்றாதீங்க தாத்தா, நான் சொன்னது பிழை, நாளைக்கே டொக்டரிடம் காட்டுங்க. இவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் என் வாயைக் கட்டியது அவர்களல்ல. அறுபது வயதைத் தாண்டிய என் தாத்தா, நான் சொன்னால் சரி என்று நம்பியிருந்தவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழையாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"வீட்டுக்கு வந்து விபரமாச் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. களிம்பு பூசிய மூன்றாம் கிழமை எரிச்சல் குறைந்தது. ஆறாம் கிழமை, நடக்கும்போது உராய்வதை மறந்தே போனேன். தாத்தா இரண்டு தடவை போன் எடுத்தார். முதல் தடவை கணவர் பக்கத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை யாரும் இல்லை. "இன்னும் எரியுதுடி" என்றார் தாத்தா. நான் சொன்னேன்:

"தண்ணி நல்லாக் குடிங்க தாத்தா."

யாருடைய வார்த்தை அது என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அடுத்த கிழமை பல்லேபொலைக்குப் போய் நேரில் சொல்வோம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த கிழமை அவர்கள் தோட்டத்தில் கிராம்பு பறிக்கிறார்கள், தாத்தாவுக்கு நேரமிருக்காது என்று நானே முடிவுசெய்தேன்.

கிராம்பு காயப்போட்ட முற்றத்தில்தான் தாத்தா நடுங்கி விழுந்தார். மகள் பஸ்லியா த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சலத்தில் இருந்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சீனி ஏறிப்போய் இருந்தது. மூன்றாம் நாள் லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன் தாத்தா மௌத்தானார்.

கழுவியதால் இப்படி ஆனதா என்று அங்கிருந்த டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, சீனி வருத்தம் ஒன்றே போதும், அது கூட்டியிருக்கலாம், கூட்டாமலும் இருக்கலாம் என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொள் என்று என் கணவர் சொல்கிறார். பிடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. என் தாத்தாவைக் கொன்றேன் என்று நான் சொல்லவில்லை. அவரை வலியோடு விட்டேன். அதற்கு டொக்டரின் சாட்சி தேவையில்லை.

நானே குளிப்பாட்டினேன். பஸ்லியா தண்ணீர் ஊற்றினாள். இன்னும் இரண்டு பெண்கள் உதவினார்கள். இளம் சூட்டுத் தண்ணீர். இலந்தை இலை. கடைசித் தண்ணீரில் கற்பூரம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மேலே போர்த்திய சீலையை விலக்காமல், மெல்ல மெல்லக் கழுவ வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு வலிக்கும் என்று பயப்படுவதுபோலத் தொட வேண்டும் என்று புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இருபது வருடத்தில் ஒரு ஜனாஸாவையும் நான் முரட்டுத்தனமாகத் தொட்டதில்லை. முரட்டுத்தனம் எல்லாம் உயிரோடு இருந்த எனக்கும் தாத்தாவுக்கும்தான்.

எங்களுக்கு இன்னொரு ஒழுங்கும் உண்டு. குளிப்பாட்டுகிறவள் அந்த உடம்பில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. இறந்தவருக்குச் செய்யும் கண்ணியம் அது. அதை நான் மீறியதில்லை, இப்போதும் மீற மாட்டேன். ஆனால் இருபது வருடத்தில் வயதான எத்தனையோ பெண்களைக் குளிப்பாட்டிய எனக்கு, வாய் திறக்காமல் எதையெல்லாம் தாங்கிக்கொண்டு பெண்கள் போகிறார்கள் என்று தெரியும். அத்தனையையும் கபனோடு சேர்த்து மடித்து அனுப்பிவிட்டேன். அந்த ஒழுங்கு இறந்தவருக்கானது. உயிரோடு இருப்பவர்களிடமும் வாயை மூடிக்கொள்ள எனக்கு யாரும் சொல்லவில்லை.

தாத்தாவின் உடம்பில் என்ன கண்டேன் என்று சொல்ல மாட்டேன். போத்தலைப் பற்றிச் சொல்லத் தடையில்லை. குளியலறை யன்னல் விளிம்பில் அது நின்றது. நான் கொடுத்த போத்தல் அல்ல, அதைவிடப் பெரியது. பாதிக்கு மேல் முடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சீனாக்காரக் கட்டி, தேய்ந்து மழுங்கிப்போய்.

கபன் இட்டு முடித்து, ஆண்கள் உள்ளே வருவதற்கு முன், மற்றப் பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். பஸ்லியா மட்டும் நின்றாள். அவளுக்கு நாற்பத்து நாலு வயது. மாதவிடாய் இப்போதுதான் தாறுமாறாக வரத் தொடங்கியிருக்கிறது என்று தாத்தா முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் கேட்கிற கேள்வியல்ல. இன்னொரு கிழமை, நேரம் பார்த்துக் கேட்கலாம். அந்த நேரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"மகள்" என்றேன். "நீ எதால கழுவுற?"

அவள் குளியலறை யன்னல் பக்கம் பார்த்தாள்.

"அதுலதான் சாச்சி. உம்மா சொல்லித் தந்தாங்க. டீச்சர் சாச்சி சொன்னதுன்னு."

ஈரக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்பதையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "உம்மாக்கு இது தெரியாதே சாச்சி" என்று மட்டும் சொன்னாள். போத்தலை எடுத்தேன். பலகையைத் துடைக்க அதுதான் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சலக்கடுப்பு ஒரு தடவை மட்டும் வந்தது. சலம் சோதித்து, பொருத்தமான மருந்து குடித்து, மாறிவிட்டது. வறட்சி இல்லை. கசிவு கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். என் உடம்புக்குள் நான் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் என்னைக் காவல் காக்கிறது என்று தெரிந்த பிறகு உடம்பைக் கொஞ்சம் மரியாதையோடுதான் தொடுகிறேன். இப்போது எந்த ஜனாஸா வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்ததும், அங்கே நிற்கும் பெண்களிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். டீச்சருக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஒருத்தி சொன்னாளாம்.

கழுவுவது ஒரு நிமிட வேலையாகிவிட்டது. பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லி முடிவதற்கும் நான் தொழ நிற்பதற்கும் இடையில், முன்பு குளியலறையில் கழிந்த பத்து நிமிடம் இப்போது ஒவ்வொரு வேளையும் கையில் மிஞ்சுகிறது. முஸல்லாவை (தொழுகை விரிப்பு) விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போன் பக்கத்தில்தான் இருக்கிறது. தாத்தாவிடம் சொல்ல அதில் பாதி நேரம் போதும்.